கிளிப்பச்சை எங்கே போனது? ஸ்கேன் செய்கிறவர்களுக்கு அடிப்படைச் சொற்கள்

மாமாவுக்கு 2024-ல் அறுபதாம் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு சின்னக் காலண்டரும் கொடுப்பது, அதில் பழைய குடும்பப் படங்களைப் போடுவது என்று முடிவானது. முதல் படம் எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1984-ல் அழகர்கோவிலில் என் தங்கைக்குக் காது குத்தியபோது எடுத்தது. இருபது வயது மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் மொட்டைத் தலையோடு தங்கை. பக்கத்தில் சுங்குடிச் சேலையில் அம்மா நிற்கிறார். மூன்றரைக்கு ஐந்து அங்குலத்தில், உயரவாக்கில் ஒரு கலர் போட்டோ.

தெருமுனைக் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொன்னேன். படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். "சேலைல இருந்த புள்ளியெல்லாம் எங்கடா?" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதோட இது கடுகுக் கலரே இல்ல. கிளிப்பச்சை" என்றார்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆல்பத்தில் அந்தச் சேலை கடுகு நிறம்தான். அம்மா சொல்கிற பச்சையை நான் பார்த்ததே இல்லை. புள்ளி எங்கே போனது, பச்சை எங்கே போனது என்று தேடப் போய்த்தான் ஸ்கேனிங்கில் புழங்கும் சொற்கள் ஒவ்வொன்றாக எனக்கு அர்த்தமாயின. அந்த வழியிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். ஸ்கேனர் படத்தை நகல் எடுப்பதாக நினைக்கிறோம். அது செய்வது அளவெடுப்பு. கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கு வரிவரியாக நகர்கிறது. படத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வரிசையாக அடுக்கிய சென்சார்கள் அளக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்களைக் குறித்துக்கொள்கின்றன. அப்படி அளந்த ஓர் இடம்தான் பிக்சல். ஃபைலுக்குள் இருப்பதெல்லாம் எண்கள் மட்டுமே.

கம்ப்யூட்டருக்குள் முதன்முதலாக ஸ்கேன் ஆகிப் போன படமும் ஒரு கைக்குழந்தையின் படம்தான். 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், தன் மூன்று மாத மகனின் படத்தை 176-க்கு 176 என்று பிரித்து அளந்தார். மொத்தம் 30,976 பிக்சல்கள். ஓர் இடம் கறுப்பா வெள்ளையா என்பதை மட்டுமே அந்தக் கருவியால் சொல்ல முடிந்தது. ஆனாலும் குழந்தையின் முகம் தெரிகிறது.

எத்தனை இடங்களில் அளக்கிறோம் என்பதுதான் ரெசல்யூஷன். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல் என்று கணக்கிட்டு அதை பிபிஐ என்பார்கள். ஸ்கேனர் மென்பொருளிலும் கடைகளிலும் டிபிஐ என்றே சொல்வார்கள். கறாராகப் பார்த்தால் டிபிஐ என்பது பிரின்டர் ஓர் அங்குலத்தில் தெளிக்கும் மைப்புள்ளிகளின் எண்ணிக்கை. கடைக்காரரிடம் இதற்காக வாதாட வேண்டாம். ஸ்கேனைப் பற்றிப் பேசும்போது இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மாவின் புள்ளிக்கு வருவோம். மதுரைச் சுங்குடியில் துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே வெள்ளைப் புள்ளி. அம்மாவின் சேலையில் ஒரு புள்ளி சுமார் 3 மில்லிமீட்டர். ஐந்தடி அம்மா படத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறார், அதாவது பதினைந்தில் ஒரு பங்கு. ஆகவே படத்தில் ஒரு புள்ளி 0.2 மில்லிமீட்டர். கடையில் 150 பிபிஐயில் ஸ்கேன் செய்திருந்தார்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால் ஒரு பிக்சலின் அகலம் 0.17 மில்லிமீட்டர். புள்ளியும் பிக்சலும் ஏறக்குறைய ஒரே அளவு. சில புள்ளிகள் ஒரு பிக்சலுக்குள் சரியாக விழும். பெரும்பாலானவை இரண்டு, மூன்று பிக்சல்களுக்கு நடுவே சிதறி, பக்கத்து நிறத்தோடு கலந்து கரைந்துவிடும். அதுதான் நடந்திருந்தது. 600 பிபிஐயில் ஒரு பிக்சல் 0.042 மில்லிமீட்டர். ஒரு புள்ளியின் அகலத்துக்கு ஐந்து பிக்சல் கிடைக்கும். புள்ளி வட்டமாகவே தெரியும்.

அப்படியானால் 1200, 2400 என்று போய்க்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். பழைய போட்டோ பிரின்டைப் பொறுத்தவரை 600-க்கு மேல் போனால் பெரும்பாலும் தூசியும் கீறலும் தாளின் சொரசொரப்பும்தான் கூடுதலாகக் கிடைக்கும். காகிதத்தில் இல்லாத நுணுக்கத்தை ஸ்கேனர் எங்கிருந்து கொண்டுவரும்? ஃபைல் மட்டும் வீங்கும். எங்கள் படம் 600-ல் 2100-க்கு 3000 பிக்சல், மொத்தம் 63 லட்சம், சுருக்காமல் வைத்தால் சுமார் 19 எம்பி. 1200-ல் அதுவே நான்கு மடங்கு. ஸ்கேனர் பெட்டியின் மேல் பெரிய எண் அச்சிட்டிருந்தால், அது ஆப்டிகல் ரெசல்யூஷனா, இன்டர்போலேட்டடா என்று பாருங்கள். முன்னது சென்சார் உண்மையில் அளப்பது. பின்னது, அளந்த இரண்டு எண்களுக்கு நடுவே உத்தேசமாக மூன்றாவது எண்ணை மென்பொருள் இட்டு நிரப்புவது. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

வீட்டில் நெகட்டிவ் இருந்தால் கதையே வேறு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு சட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர்தான், ஆனால் நுணுக்கம் பிரின்டைவிட மிக அதிகம். அதை 2400 பிபிஐயில் எடுத்தால் சுமார் 3400-க்கு 2270 பிக்சல் வரும். ஃபிலிம் ஸ்கேன் செய்ய மேல் மூடியிலும் விளக்கு உள்ள கருவி வேண்டும். ஆல்பம் பிரின்டை வைத்து மல்லாடுவதற்கு முன் பீரோவின் அடித்தட்டில் நெகட்டிவ் உறை கிடக்கிறதா என்று ஒருமுறை துழாவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த உறை இருந்தது. உள்ளே இருந்தது வேறொரு விசேஷத்தின் நெகட்டிவ்.

எல்லோரும் வேதவாக்காகச் சொல்லும் 300 எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய காலண்டரைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முருகன் முகத்தில் தொடர்ச்சியான தோல் நிறமே இருக்காது. நான்கே மைகளின் குட்டிப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். அச்சு இயந்திரத்துக்கு இளநிறம் என்று ஒன்றை அச்சிடத் தெரியாது. மை படும், அல்லது படாது. அதனால் இளநிறம் வேண்டிய இடத்தில் புள்ளியைச் சிறிதாக்குவார்கள், அடர்நிறத்துக்குப் பெரிதாக்குவார்கள். தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு மையும் வெள்ளைத் தாளும் கலந்து ஒரே நிறமாகத் தெரியும். தெருவின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் சுங்குடிச் சேலை சற்று வெளுத்த ஒரே நிறமாகத் தோன்றுமே, அதே சங்கதிதான். இதற்குப் பெயர் ஹாஃப்டோன். ஓர் அங்குலத்தில் இப்படி எத்தனை வரிசைப் புள்ளிகள் என்பது எல்பிஐ. செய்தித்தாளில் சுமார் 85 முதல் 100 வரை, பளபளப்பான ஆர்ட் தாளில் 150, 175. ஒவ்வொரு ஹாஃப்டோன் வரிசைக்கும் இரண்டு பிக்சல் இருந்தால் போதும் என்பது அச்சுக்காரர்களின் கணக்கு. 150-ஐ இரண்டால் பெருக்கினால் 300. அந்த எண்ணின் கதை இவ்வளவுதான்.

ஆக, 300 என்பது அச்சாகும் அளவில் இருக்க வேண்டிய எண். எங்கள் மூன்றரைக்கு ஐந்து படம் காலண்டரில் ஏழுக்குப் பத்தாக, அதாவது இரண்டு மடங்காக வர வேண்டும். ஆகவே ஸ்கேன் 600. எத்தனை மடங்கு பெரிதாக்குகிறீர்களோ அத்தனையால் 300-ஐப் பெருக்கிக்கொள்ளுங்கள். மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதால் முழு அளவில் அங்குலத்துக்கு 72 பிக்சல் இருந்தாலே தாராளம்.

செய்தித்தாளில் வந்த படத்தையோ பழைய கல்யாணப் பத்திரிகையையோ ஸ்கேன் செய்யும்போது திரையில் அலை அலையாகக் கோடுகள் தெரியும். தாளில் உள்ள ஹாஃப்டோன் புள்ளிகளின் வரிசையும் ஸ்கேனரின் பிக்சல் வரிசையும் மோதிக்கொள்வதால் வருவது அது. இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று பிடித்துப் பார்த்தால் தெரியும் அதே நெளிவு. மோய்ரே என்பார்கள். மென்பொருளில் டீஸ்க்ரீன் என்று ஒரு வசதி இருக்கும். அச்சான தாளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். போட்டோவுக்குப் போட்டால் உருவம் மழுங்கிவிடும்.

அப்புறம் வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஜேபெக் என்ற ஃபைல் வகையே படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாததைக் கழித்துவிட்டுச் சேமிப்பது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கழியும். சுங்குடிப் புள்ளி போன்ற கூர்மையான ஓரங்களில்தான் அந்தச் சேதாரம் முதலில் தெரியும். மூலப் பிரதியை, இப்படிக் கழிக்காமல் சேமிக்கும் டிஃப் வகையில் வையுங்கள், அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக்.

சரி, பச்சைக்கு வருவோம். இங்கேதான் நான் நிறைய நாள் செலவழித்தேன்.

திரையும் ஸ்கேனரும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சங்களைக் கூட்டி நிறம் காண்பவை. இதுதான் ஆர்ஜிபி. மூன்றையும் முழுதாகக் கூட்டினால் வெள்ளை. மையும் சாயமும் நேர்மாறு. வெள்ளைத் தாளிலிருந்து திரும்பும் வெளிச்சத்தில் ஒரு பங்கை அவை விழுங்கிக் கழிக்கின்றன. சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் சிவப்பை விழுங்கும். மெஜன்டா என்ற ஊதாச்சிவப்பு பச்சையை விழுங்கும். மஞ்சள் நீலத்தை விழுங்கும். மூன்று நிறமாகப் பிரித்து மறுபடி சேர்த்து வண்ணப்படம் காட்டலாம் என்று 1861-ல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் செய்துகாட்டினார். அவர் அதற்கு எடுத்துக்கொண்டது ஒரு கட்டம் போட்ட துணி ரிப்பன். அதுவும் துணிதான் என்று படித்தபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

1984-ன் கலர் போட்டோவில் சயான், மெஜன்டா, மஞ்சள் என்று மூன்று சாய அடுக்குகள் உண்டு. பச்சைச் சேலை தெரிய வேண்டுமென்றால் அங்கே சயானும் மஞ்சளும் சேர்ந்து இருக்க வேண்டும். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில், ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும்கூட, சயான் சாயம் மற்ற இரண்டுக்கும் முந்தி மங்கிவிடும். பழைய கலர் படங்கள் மொத்தமாகச் சிவந்துபோய் இருப்பதற்கு அதுதான் காரணம். பச்சையிலிருந்து சயான் குறைந்தால் மிஞ்சுவது மஞ்சள். அம்மாவின் கிளிப்பச்சை கடுகானது அப்படித்தான். ஸ்கேனர் தப்புச் செய்யவில்லை. நாற்பது வருடம் கழித்துத் தாளில் என்ன இருந்ததோ அதைத்தான் அளந்து சொன்னது.

மீட்க முடியுமா? இதற்குத் தேவைப்படும் சொல் பிட் டெப்த். ஒவ்வோர் அளவையும் எத்தனை படிகளாகப் பிரித்துக் குறிக்கிறோம் என்பது அது. ஒரு பிட் என்றால் கறுப்பு, வெள்ளை என இரண்டே படி, கிர்ஷின் குழந்தைப் படத்தைப்போல. 8 பிட் என்றால் 0 முதல் 255 வரை 256 படி. மூன்று நிறத்துக்கும் சேர்த்து 24 பிட், ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் நிறச் சேர்க்கைகள். பார்ப்பதற்கு இது தாராளம். திருத்துவதற்குத்தான் போதாது. எங்கள் படத்தில் சயான் மங்கியதால் சிவப்பு எண்கள் எல்லாம் மேலே ஏறிக் கிடந்தன. மாமாவின் கருகரு முடியில்கூட சிவப்பு 110 காட்டியது. இருப்பது 110-க்கும் 240-க்கும் இடையே 130 படி. அதை இழுத்துக் கீழே வரை நீட்டினால் படிகளுக்கு நடுவே இடைவெளி விழும். வானத்திலும் கன்னத்திலும் வரப்பு வரப்பாகத் திட்டுத் தெரியும். 48 பிட்டில் ஸ்கேன் செய்தால் ஒரு நிறத்துக்கு 65,536 படி. அதே இடைவெளிக்குள் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேலான படிகள் கிடைக்கும். எவ்வளவு இழுத்தாலும் வரப்பு தெரியாது. மங்கிய படத்தை 48 பிட்டில் எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இழுக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது? வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தையும் கறுப்பு என்று தெரிந்த ஓர் இடத்தையும். எங்களுக்கு மாமாவின் வேட்டியும் அவர் தலைமுடியும் உதவின. அந்த இரண்டு இடத்திலும் மூன்று எண்களும் சமமாக வரும்படி ஒவ்வொரு நிறத்தின் மேல்முனையையும் கீழ்முனையையும் நகர்த்தினேன். வைட் பாயின்ட், பிளாக் பாயின்ட் என்பவை இவைதான். முடியின் செம்பட்டை மறைந்தது. அந்த நொடியே சேலையில் பச்சை எட்டிப் பார்த்தது. சுங்குடிப் புள்ளிகளும் வெள்ளையாயின. அவற்றை நான் தொடவே இல்லை. பிடித்த இரண்டு முனையும் சரி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து சேலையையே எடுத்து வந்துவிட்டார். வெளி மடிப்பு வெளுத்திருந்தது, உள் மடிப்பு அன்றைய பச்சையாகவே இருந்தது. திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். டியூப்லைட்டில் ஒரு மாதிரி, ஜன்னலோரத்தில் வேறு மாதிரி. விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போனவர்களுக்கு இது புதிதல்ல. மேட்சிங் பிளவுஸ் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்காமல் அம்மா வாங்கியதே இல்லை. ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் இரண்டு நிறங்கள் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். அதனால்தான் அச்சை ஒப்பிட 5000 கெல்வின் என்று ஒரே வகை வெளிச்சத்தை உலகமெங்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்த விளக்கு கிடைக்காவிட்டால் நிழலான ஜன்னலோரம், பகல் நேரம், தினமும் அதே இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, என் திரையில் தெரியும் பச்சைதான் அச்சகத்தின் திரையிலும் தெரியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முன்பு ஊருக்கு ஊர் படி வேறாக இருந்தது. இரண்டு படி அரிசி என்றால் யார் வீட்டுப் படி என்று கேட்க வேண்டியிருந்தது. முத்திரை குத்திய படி வந்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. நிறத்திலும் அதே பாடு. பச்சை 200 என்று எண் மட்டும் எழுதினால் ஒவ்வொரு திரையும் தன் இஷ்டத்துக்குக் காட்டும். இந்த எண்கள் எந்தப் படியால் அளந்தவை என்று ஃபைலோடு ஒட்டி அனுப்பும் முத்திரைதான் புரொஃபைல். 1993-ல் தொடங்கிய ஐசிசி (இன்டர்நேஷனல் கலர் கன்சார்ட்டியம்) என்ற அமைப்பு அதன் வடிவத்தை வகுத்தது. எஸ்ஆர்ஜிபி என்பது 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்த பொதுப்படி. போனும் இணையமும் பெரும்பாலும் அதில் ஓடுகின்றன. அடோபி ஆர்ஜிபி 1998-ல் வந்தது, குறிப்பாகப் பச்சைப் பக்கம் இன்னும் கொஞ்சம் விரிந்தது. ஸ்கேன் செய்து சேமிக்கும்போது புரொஃபைலை ஃபைலுக்குள் சேர் என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். உங்கள் திரையே கோணலாக இருந்தால் அதை அளந்து நேராக்குவது காலிபரேஷன். அதற்குத் திரையின்மேல் வைக்கும் சின்னக் கருவி உண்டு.

எங்கள் காலண்டர் சிவகாசியில் அச்சாக வேண்டும். அங்கே ஆர்ஜிபி செல்லாது. சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை, சிஎம்ஒய்கே. மூன்று மையைக் கலந்தால் கறுப்பு வர வேண்டும்தான். நிஜ மையில் அழுக்குப் பழுப்புதான் வரும், தாளும் மையில் ஊறிவிடும். அதனால் கறுப்பு தனியாக. ஆனால் இந்த நான்கு மையால் எட்டக்கூடிய நிறங்களுக்கு ஓர் எல்லை உண்டு. அதுதான் கேமட். கிளிப்பச்சை, ராணி பிங்க், பளிச்சென்ற ஆரஞ்சு எல்லாம் பெரும்பாலும் அந்த வேலிக்கு வெளியே நிற்பவை. ஆர்ஜிபியிலிருந்து மாற்றிய நிமிடமே திரையில் சேலை சோர்ந்துபோனது. இந்த முறை அச்சகத்தையோ ஸ்கேனரையோ குறை சொல்ல எதுவுமில்லை. அந்தப் பச்சை நான்கு மையில் கிடையாது.

கிடையாது என்று ஆனபின் எப்படிக் குறைப்பது என்பதில்தான் நம் கை இருக்கிறது. ரெண்டரிங் இன்டென்ட் என்று மென்பொருள் கேட்பது அதைத்தான். ரிலேட்டிவ் கலோரிமெட்ரிக் என்றால் வேலிக்குள் இருக்கும் நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, வெளியே நிற்பவற்றை வேலியோரத்தில் கொண்டுவந்து நிறுத்தும். பெர்செப்சுவல் என்றால் எல்லா நிறங்களையும் ஒன்றுக்கொன்று உள்ள உறவு மாறாமல் சேர்த்துச் சுருக்கும். முதல் வழியில் செய்து பார்த்தபோது வேட்டியும் முகங்களும் நன்றாக இருந்தன. சேலையில் வெயில் பட்ட மடிப்பும் படாத மடிப்பும் ஒரே பச்சையாக ஒட்டிக்கொண்டு, துணி அட்டை மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது வழியில் படம் முழுக்க ஒரு சுருதி இறங்கியது, மடிப்புகள் திரும்பி வந்தன.

அச்சகத்தில் இரண்டுக்கும் ப்ரூஃப் எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் அம்மா கையில் கொடுத்தேன். ஜன்னலோரம் போய், சேலையின் உள் மடிப்பை விரித்து, இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "ரெண்டுமே சேலையளவு பச்சை இல்ல" என்றார். அப்புறம் மடிப்பு தெரிந்த தாளை எடுத்து நீட்டி, "இதுல துணி இருக்குடா, இதையே போடு" என்றார்.